முயலின் குடல் ஏன் நின்றுபோகிறது?

நலமாக இருக்கும் முயல் ஒரு நாளைக்கு 200 முதல் 300 புழுக்கை வரை போடும். எல்லாம் உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், உலர்ந்து இருக்கும். ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள், மஞ்சள் நிற நார்த்துகள்களாக உதிரும். முயல் வளர்ப்பவர் காலையில் எழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் முயல் தன் வலியை வெளியே காட்டாது. ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். புழுக்கை சிறுத்தாலோ, எண்ணிக்கை குறைந்தாலோ, முடியில் கோத்த மாதிரி தொடராக வந்தாலோ, உள்ளே கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மாடும் ஆடும் புல்லை இரைப்பையிலேயே நொதிக்க வைத்து அசைபோடுகின்றன. முயலுக்கு அந்த வேலை குடலின் பின்பகுதியில் நடக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. உணவுப்பாதையில் உள்ள மொத்தச் சரக்கில் ஏறத்தாழ 40 சதவீதம் அதற்குள்தான் கிடக்கும். பெருங்குடலின் தொடக்கப் பகுதி வருவதையெல்லாம் அளவு பார்த்துப் பிரிக்கிறது. அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நார் முன்னோக்கி நகர்ந்து புழுக்கையாகிவிடும். நுண்துகள்களையும் நீரையும் குடல் எதிர்த்திசையில் சுருங்கிக் குருட்டுக்குடலுக்குள் திருப்பி அனுப்பும். அங்கே பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்ததும் இன்னொரு வகைப் புழுக்கை உருவாகிறது. இது மென்மையானது, கருமையானது, சளி பூசிப் பளபளக்கும், சிறு திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொண்டு வரும். முயல் குனிந்து மலவாயிலிருந்தே இதை வாயில் எடுத்து மெல்லாமல் விழுங்கிவிடும். பாக்டீரியா உண்டாக்கிய புரதமும் பி வைட்டமின்களும் இப்படித்தான் அதற்குக் கிடைக்கின்றன. இதை அசிங்கம் என்று தடுத்துவிடாதீர்கள்.

நீளமான நாரிலிருந்து முயலுக்குக் கிடைக்கும் சத்து மிகச் சொற்பம். ஆனால் குடலை ஓட வைப்பதே அந்த நார்தான். அது குறைந்தால் குடலின் சுருக்கங்கள் மந்தமாகும். கூடவே மாவுச்சத்தும் சர்க்கரையும் குருட்டுக்குடலுக்குள் போய்ச் சேர்ந்தால் அங்கே எந்த நுண்ணுயிர் பெருகுவது என்பதே மாறிவிடும். பிஸ்கட், பிரட், சோறு, வாழைப்பழம், கேரட் ஆகியவற்றை முயல் ஆசையாகத் தின்னும். கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த ஆசையில்தான் தொடங்குகின்றன. கேரட்டை விரல்நுனி அளவுத் துண்டாக, எப்போதாவது ஒருமுறை கொடுக்கலாம். மற்றவை வேண்டவே வேண்டாம்.

நாள் முழுக்க உலர்புல் முன்னால் இருக்க வேண்டும், முயலின் உடல் அளவுக்காவது ஒரு குவியல். கடையில் விற்கும் திமோத்தி புல் விலை அதிகம். அது கட்டுப்படியாகாதவர்கள் அருகம்புல், கொழுக்கட்டைப்புல், இளம் கம்பு நேப்பியர் ஆகியவற்றை நிழலில் சலசலக்கும்வரை உலர்த்தி வைக்கலாம். பூஞ்சை வாடை அடித்தால் தூக்கி எறிந்துவிட வேண்டும். குதிரைமசால், வேலிமசால் ஆகிய பயறுவகைத் தீவனங்கள் வளரும் குட்டிகளுக்கு நல்லது. ஆறு மாதம் தாண்டிய முயலுக்கு அவற்றில் புரதமும் கால்சியமும் மிகுதி. வைக்கோல் படுக்கைக்கு ஆகும், முழு உணவாக ஆகாது. கடையில் விற்கும் பெல்லட் என்ற குச்சித் தீவனம், முயலின் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் போகக்கூடாது. எந்தத் தீவனத்தையும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கலந்து ஓரிரு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள்.

குடல் நின்றுபோவதைக் குடல் தேக்கம் என்கிறோம். அது தானாக வருவது குறைவு. பல் வலி, சிறுநீர்ப்பைக் கல், வெயில், தண்ணீர் குறைவு, நாய்க்குரைப்பு, கூட இருந்த முயல் இறந்துபோவது என ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். வலியோ பயமோ வந்தால் உடலின் அவசரகால நரம்புகள் குடலின் அசைவை அடக்கிவிடுகின்றன. முயல் தின்பதை நிறுத்துகிறது. உள்ளே இருக்கும் சரக்கிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு அது இறுகுகிறது, வாயு சேர்கிறது. வாயு மேலும் வலியைத் தர, அந்த வலி குடலை இன்னும் அடக்குகிறது. பட்டினி நீண்டால் உடற்கொழுப்பு கரைந்து கல்லீரலில் படியத் தொடங்கும். பருத்த முயல்களுக்கு இந்த ஆபத்து சீக்கிரம் வரும். இரைப்பையில் முடி உருண்டை இருந்ததால்தான் அடைத்தது என்று பலர் சொல்வார்கள். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, அதன் இரைப்பையில் முடி எப்போதும் இருக்கும். ஓட்டம் நின்று நீர் வற்றும்போதுதான் அது கட்டியாகிறது.

முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே போனது முன்னால்தான் போயாக வேண்டும். அதனால் 12 மணி நேரம் தின்னாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பல்லை நறநறவென்று கடிப்பது, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுப்பது, காது சில்லிடுவது எல்லாம் வலியின் அடையாளங்கள். ஆசனவாயில் அளந்தால் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் இருப்பது இயல்பு. 38க்குக் கீழே போனால் நிலைமை மோசம். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தபடியே கிளம்புங்கள்.

சில மணி நேரம் முன்புவரை நன்றாக இருந்த முயல் திடீரென்று துவண்டு, விலாவுக்குக் கீழே வயிறு பந்தாக இறுகி நின்றால், அது தேக்கமாக இல்லாமல் அடைப்பாக இருக்கலாம். இந்த நிலையில் ஊட்டினால் இரைப்பை கிழியக்கூடும். எக்ஸ்ரே எடுத்து அடைப்பில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே வாய்வழி உணவும், குடலைத் தூண்டும் மருந்தும்.

சிகிச்சையில் முதலிடம் வலிநிவாரணிக்கும் நீருக்கும்தான். வலி அடங்காமல் குடல் அசையாது. நாளொன்றுக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மி.லி. நீர் தேவை. குடிக்காத முயலுக்குத் தோலுக்கடியில் ஏற்றுவார்கள். மருந்தளவு மருத்துவர் சொல்வதுதான், மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். குறிப்பாக அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் இவற்றை வாய்வழியே கொடுத்தால் குருட்டுக்குடலின் நல்ல பாக்டீரியாக்கள் மடியும். அந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நச்சைச் சுரக்கும். முயல் ஓரிரு நாளில் இறந்துபோகலாம். நாய், பூனையே அதிகம் வரும் மருத்துவமனையானால் இதை நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

ஊட்டுவதற்கு, நோயுற்ற முயலுக்கென்றே செய்த நார் மிகுந்த மீட்புணவுப் பொடி கிடைக்கிறது. கிடைக்காத இரவில் பெல்லட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மிக்ஸியில் கூழாக அரைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்குக் கிலோவுக்கு சுமார் 50 மி.லி. என்றால், 2 கிலோ முயலுக்கு 20 மி.லி. வீதம் ஐந்து வேளை. துண்டில் சுற்றி, நான்கு காலும் தரையில் இருக்கும்படி மேசையில் உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்தால் கூழ் மூச்சுக்குழாயில் போய்விடும். முன்பற்களுக்குப் பின்னால் கடைவாய்ப்பல் வரை பல்லில்லாத இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சை அங்கே பக்கவாட்டில் நுழைத்து, ஒரு தடவைக்கு அரை முதல் ஒரு மி.லி. தள்ளி, மென்று விழுங்கும்வரை காத்திருங்கள். மூக்கில் கூழ் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். பக்கத்தில் கொத்தமல்லித் தழையும் புல்லும் இருக்கட்டும், பல முயல்கள் வாசனைக்கே வாய் திறக்கும்.

பின்புறத்தில் கருப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தின்னாமல் விட்ட மென்புழுக்கைதான். பெல்லட்டைக் குறைத்துப் புல்லைக் கூட்டினால் சரியாகும். உடல் பருமனாலோ மூட்டுவலியாலோ குனிய முடியாமலும் விட்டிருக்கலாம். ஈ முட்டையிட்டுப் புழு வைக்குமுன் கழுவித் துடைத்துவிட வேண்டும். தண்ணீராகவே போனால் கதை வேறு. குட்டிகளுக்குக் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் தொற்று காரணமாக இருக்கலாம், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் கோடையில் இன்னொரு கவனம் தேவை. முயலுக்கு வியர்க்காது, சூட்டைப் பெரும்பாலும் காது வழியாக வெளியேற்றும். 30 டிகிரியைத் தாண்டினால் திணறித் தீனியைக் குறைத்துவிடும். மத்திய அரசின் முயல் ஆராய்ச்சி கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் நடப்பதற்கு அந்தக் குளிரும் துணை. சமவெளியில் வளர்ப்பவர்கள் ஈரத்துணியால் காதைத் துடைத்து, உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றிக் கூண்டில் வைக்கலாம்.

குடல் மீண்டும் ஓடத் தொடங்கும்போது முதலில் வருவது சின்னதாக, கறுத்து, சளியோடு இருக்கும். அதைப் பார்த்து ஊட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். தானாகப் புல் தின்று, புழுக்கை பழைய அளவுக்குத் திரும்பும்வரை தொடர வேண்டும். சில வாரத்தில் திரும்ப நின்றால் கடைவாய்ப்பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். முயலின் பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. புல்லை மென்று தேயாதபோது ஓரம் கூர்மையாகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். வெளியிலிருந்து முன்பற்களை மட்டும் பார்த்தால் அது தெரியாது.