ரேக்டைம் என்றால் கந்தல் தாளமா?

ரேக்டைம் (பெயர்ச்சொல்): 1890களில் அமெரிக்காவின் மிசூரியிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலங்களிலும் கறுப்பினப் பியானோ கலைஞர்களிடம் உருப்பெற்ற இசைவகை. இடக்கை தாளத்தைச் சீராகப் போட்டுக்கொண்டிருக்கும். வலக்கை மெட்டின் அழுத்தங்களைத் தட்டில் வைக்காமல் தள்ளி வைக்கும். இந்த வகையில் எழுதிய தனி உருப்படி ஒன்றுக்கு 'ரேக்' என்று பெயர். இவ்வகையைச் செம்மைப்படுத்தி அச்சில் நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஸ்காட் ஜாப்ளின் (1868 வாக்கில் – 1917).

எழுத்துக்கூட்டலை முதலில் பார்த்துவிடலாம். தமிழில் 'ராக்டைம்', 'ராக் டைம்' என்று எழுதுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் 1950களில் பிறந்த ராக் இசை நினைவுக்கு வரும். இந்துஸ்தானி இசைக்காரர்கள் ராகத்தைச் சொல்லும் 'ராக்' என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பேக், டேக், மேப் என்று எழுதுகிற அதே வழக்கப்படி 'ரேக்டைம்' என்பதே சரி. 'ரேக்' என்று தனியாக வரும்போது புத்தக அலமாரி நினைவுக்கு வரலாம். ஆனால் இசை பற்றிய வாக்கியத்தில் அந்தக் குழப்பம் நிற்காது.

இனி சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் 'ரேக்' என்றால் கந்தல் துணி. அகராதியைப் புரட்டியதும் கண்ணில் படுவது இந்தப் பொருள்தான். 'கந்தல் தாளம்', 'கந்தை இசை' என்ற பெயர்ப்புகள் இங்கிருந்தே கிளம்புகின்றன. ஆனால் ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் வேர் 'ரேகட்' என்ற பெயரடை: விளிம்பு நேராக இல்லாமல் பிசிறடித்தது என்று பொருள். 'டைம்' இங்கே காலமோ நேரமோ அல்ல, தாளம். 'ரேகட் டைம்' சுருங்கி 'ரேக்டைம்' ஆயிற்று. கறுப்பின மக்களின் நடனக் கூடுகைகளுக்கு 'ரேக்' என்ற பெயர் வழங்கியதாகவும் அதிலிருந்தே இசைக்கும் பெயர் வந்ததாகவும் சொல்பவர்கள் உண்டு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சொல்லின் வினை வடிவம். ஓர் அணிவகுப்பு மெட்டையோ ஆலயப் பாட்டையோ எடுத்து, தாளம் மாறாமல் அழுத்தங்களை மட்டும் இடம் மாற்றி வாசிப்பதை அந்தப் பாட்டை 'ரேக் செய்வது' என்றார்கள். இசைவகைக்குப் பெயராகும் முன்பே அது வாசிக்கும் முறையின் பெயராக இருந்தது. தமிழ்ச் சொல் தேடும்போது நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

அச்சில் இந்தச் சொல் பரவலாக வருவது 1896, 1897இல். கறுப்பினக் கலைஞரான எர்னஸ்ட் ஹோகன் 1896இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசைத்தாளில், பக்கவாத்தியத்தை 'ரேக்' முறையில் வாசிக்கலாம் என்று தனியாக அச்சிட்டிருந்தது. பாட்டின் தலைப்போ கறுப்பின மக்களை இழிக்கும் வசைச்சொல். 1897 ஜனவரியில் சிகாகோவின் வெள்ளையர் வில்லியம் கிரெல் 'மிசிசிப்பி ரேக்' வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் செயிண்ட் லூயிஸின் டாம் டர்பின் வெளியிட்ட 'ஹார்லெம் ரேக்', கறுப்பினத்தவர் ஒருவரின் பெயரில் அச்சேறிய முதல் ரேக்.

அழுத்தம் எப்படித் தள்ளப்படுகிறது என்பதைக் கொன்னக்கோல் (தாளச் சொற்களை வாயால் சொல்லும் முறை) தெரிந்தவர்கள் அரை நிமிடத்தில் பிடித்துவிடலாம். ரேக்டைமில் ஒரு பாருக்கு, அதாவது இசைத்தாளில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு தாள அலகுக்கு, இரண்டு தட்டு. தட்டுக்கு நான்கு மாத்திரை, சதுச்ர நடை. முதல் தட்டை 'தகதிமி' என்று சொல்லுங்கள். இடக்கை 'த'வில் கீழ்ச்சுரத்தையும் 'தி'யில் மூன்று நான்கு சுரம் சேர்ந்த கார்டையும் அடிக்கும். வலக்கை 'த'வில் குறிலாக ஒரு சுரம், 'க'வில் நெடிலாக ஒரு சுரம், 'மி'யில் மறுபடி குறில். 'க'வில் தொட்ட சுரம் 'தி'யின் மேலும் நீண்டு ஒலிக்கும். ஆக, இடக்கை 'தி'யை அடிக்கும் நொடியில் வலக்கை எதையும் புதிதாகத் தொடுவதில்லை. அழுத்தம் ஒரு மாத்திரை முன்னாலேயே விழுந்துவிட்டது. கேட்பவர் கால் தட்ட நினைக்கும் இடமும் மெட்டு அழுந்தும் இடமும் வேறு வேறாகிவிடும்.

இரண்டாவது வகை இன்னும் கூர்மையானது. வலக்கை 'மி'யில் ஒரு சுரத்தைத் தொட்டு, அடுத்த தட்டின் 'த' மீதும் அதை நீட்டிக் கார்வை கொடுக்கும். தட்டு விழும் இடத்தில் இடக்கை தனியாக ஒலிக்கும். கேக்வாக் நடன மெட்டுகளிலும் தொடக்ககால ரேக்குகளிலும் முதல் வகைதான் மிகுதி. வகை முதிர முதிர இரண்டாவது பெருகியது.

கர்நாடக இசையில் தாளத்தின் தொடக்கத்துக்கு முன்னோ பின்னோ பாட்டைத் தொடங்கும் அதீத, அனாகத எடுப்புகளோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்பீடு பாதி தூரமே செல்லும். எடுப்பு என்பது பாட்டின் அடி தொடங்கும் இடம் பற்றியது. அதற்குப் பின் பாட்டு தாளத்தோடு இசைந்து போய்விடும். ரேக்டைமில் தள்ளல் அடிக்குள்ளேயே, பாருக்குப் பார் நடந்துகொண்டிருக்கும். ஆகவே 'அதீத இசை' போன்ற பெயர்ப்பு பொருந்தாது.

உருப்படியின் கட்டமைப்பு அணிவகுப்பு பாண்டு இசையிலிருந்து வந்தது. ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ரேக்'கை (1899) எடுத்துக்கொள்ளலாம். பகுதிகள் நான்கு, ஒவ்வொன்றும் 16 பார். அவற்றை அ அ, ஆ ஆ, அ, இ இ, ஈ ஈ என்ற வரிசையில் வாசிக்க வேண்டும். மொத்தம் 144 பார். மூன்றாம் பகுதியில் ஆதார சுரமே மத்திமத்துக்கு நகர்ந்துவிடும். நான்காவதில் பழைய இடத்துக்குத் திரும்பும். இது கிரகபேதம் (அதே சுரங்களை வைத்துக்கொண்டு வேறொரு சுரத்தை ஆதாரமாக்குவது) ஆகாது. சங்கராபரணத்தின் மத்திமத்தில் கிரகபேதம் செய்தால் கல்யாணி வரும். இங்கே ஒரு சுரத்தை மாற்றி, புதிய ஆதாரத்திலும் சங்கராபரணமே வரும்படி அமைக்கிறார்கள்.

'பிசிறடித்த தாளம்' என்ற பெயர் எவ்வளவு பொருந்தாதது என்பதை ஜாப்ளினின் வாழ்க்கையே காட்டும். டெக்சர்கானாவில் வளர்ந்தவர். தந்தை முன்பு அடிமையாக இருந்தவர், பிறகு ரயில்பாதைத் தொழிலாளி. தாய் பிறர் வீடுகளில் வேலை செய்தார். ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் சிறுவனுக்கு மேற்கத்திய செவ்விசையைக் கற்பித்தார். பிறகு மிசூரியின் செடாலியா. அங்கே 1899 ஆகஸ்டில் ஜான் ஸ்டார்க் என்ற பதிப்பாளரோடு 'மேப்பிள் லீஃப் ரேக்'குக்கு ஒப்பந்தம்: விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 1 சென்ட். கறுப்பினப் படைப்பாளிகளின் பாட்டுகளைச் சில டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்த காலத்தில் இந்த 1 சென்ட் பெரிய விஷயம்.

1908இல் அவர் ஆறு பயிற்சிகள் கொண்ட சிறு பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதில், இந்த இசைக்கு 'ரேக்டைம்' என்று இழிவாகப் பெயர் வைத்துவிட்டார்கள் என்ற பொருள்படவே தொடங்குகிறார். அழுத்தம் தள்ளி வருவதால் ஒரு இசை மலிவானதாகிவிடாது என்கிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் அதற்குரிய அளவைக் கொடுங்கள், கார்வைகளைப் பிசகாமல் பிடியுங்கள், விளைவு தானாக வரும் என்பதே அவர் பாடத்தின் சாரம். படைத்தவரே இழிவென்று கருதிய பெயரை நாம் 'கந்தல்' என்று மேலும் இறக்கி மொழிபெயர்ப்பது நியாயமில்லை.

அந்தப் பெயரின் சுமையைக் கடைசிவரை அவர் சுமந்தார் என்றே நினைக்கிறேன். 'ட்ரீமோனிஷா' என்ற இசைநாடகத்தை 1911இல் சொந்தப் பணத்தில் அச்சிட்டார். அது ரேக்டைம் நாடகம் அல்ல என்று அவரே சொன்னார். மேடையேற்ற ஆள் கிடைக்கவில்லை. 1915இல் ஹார்லெமில் வாத்தியக்குழு இல்லாமல், தாமே பியானோ வாசித்து ஒருமுறை நடத்திக் காட்டினார். 1917 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கில் மருத்துவமனையில் இறந்தார். கல்லறையில் 1974 வரை பெயர்க்கல் இல்லை. 1970இல் ஜோஷுவா ரிஃப்கின் பதிவுசெய்த இசைத்தட்டும், 1973இல் வந்த 'தி ஸ்டிங்' திரைப்படத்தில் ஒலித்த 'தி என்டர்டெய்னர்' (1902) மெட்டும் அவரை மீட்டுக் கொண்டுவந்தன. 'ட்ரீமோனிஷா' 1972இல் அட்லாண்டாவில் முழுமையாக மேடையேறியது. 1976இல் புலிட்சர் சிறப்பு விருது.

வாசிக்கக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். முதலாவது வேகம். பழைய நகைச்சுவைப் படங்களின் துரத்தல் காட்சி போல ஓட்டிவிடுகிறார்கள். 'வேகமாக வாசிக்காதீர்கள், ரேக்டைமை வேகமாக வாசிப்பது எப்போதுமே தவறு' என்ற எச்சரிக்கை ஜாப்ளினின் இசைத்தாள்களிலேயே அச்சாகியிருக்கும். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியில் நிமிடத்துக்கு 60 தட்டு வைத்துத் தொடங்குங்கள். இடக்கையைத் தனியாக, கீழ்ச்சுரத்திலிருந்து கார்டுக்குத் தாவும்போது கீழே பார்க்காமல் வரும்வரை வாசியுங்கள். பிறகுதான் வலக்கை.

இரண்டாவது, கார்வையில் பிடித்திருக்க வேண்டிய சுரத்தைத் தட்டு விழும்போது மறுபடி அடித்துவிடுவது. இசைத்தாளில் இரண்டு சுரத்தை இணைக்கும் வளைகோட்டைக் கவனிக்காததால் வருவது இது. தட்டில் அடித்த மறுகணமே தள்ளல் போய்விட்டது. மீதி இருப்பது வெறும் அணிவகுப்பு. தொடக்க நிலைப் புத்தகங்களில் 'தி என்டர்டெய்னர்' எளிமைப்படுத்திய வடிவில் வரும்போது சில நேரம் இந்தக் கார்வைகளையே எடுத்துவிடுகிறார்கள். அதில் பழகியவர்கள் மூலத்துக்கு வரும்போது கையை முதலிலிருந்து பழக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஜாஸ் பழக்கத்தில் மாத்திரைகளை நெடில்-குறிலாகச் சாய்ப்பது. அப்படிச் செய்தால் நான்கு மாத்திரைச் சதுச்ரம் மூன்று மாத்திரைத் திச்ரத்தின் பக்கம் சரிந்துவிடும். ரேக்டைமில் நான்கு மாத்திரையும் சம அளவு. அளவு சமமாக இருந்தால்தான் தள்ளி வைத்த அழுத்தம் தனியாகத் தெரியும். பெடலை நெடுநேரம் அழுத்தி வைப்பதும் இதே போல் தள்ளலை மங்கச் செய்யும்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நம் கச்சேரி வழக்கில் 'அரை இடம் தள்ளி', 'ஒன்றரை இடம் தள்ளி' என்று சொல்கிறோம். அழுத்தத்தைத் தட்டிலிருந்து நகர்த்தி வைக்கும் உத்திக்கு 'இடந்தள்ளல்' என்பது அந்த வழக்கிலிருந்தே வரும். கீபோர்டு வகுப்புகளில் இதைப் பொதுவாக 'ஆஃப் பீட்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது தட்டுக்கு வெளியே விழும் எதையும் குறிக்கும், ஆகவே போதாது. இசைவகைக்குத் 'தள்ளிசை' என்று சொல்லலாம். யாப்பிலக்கணம் ஏந்திசை, தூங்கிசை, ஒழுகிசை என்று ஓசைகளுக்குப் பெயர் வைத்த அதே வினைத்தொகை முறை இது. 'பிசிறுதாளம்' வேர்ப்பொருளுக்கு நெருக்கம்தான். ஆனால் பிசிறில்லாமல் பாடினார் என்று பாராட்டுகிற மொழியில் அது குறைச்சொல்லாகவே ஒலிக்கும்.

வரலாறு எழுதும்போதும் உருப்படிகளின் தலைப்பிலும் 'ரேக்டைம்', 'ரேக்' அப்படியே இருக்கட்டும். 'மேப்பிள் லீஃப் ரேக்' என்பது ஒரு படைப்பின் பெயர், அதைப் பெயர்க்க வேண்டியதில்லை. பாடம் சொல்லும்போதும் இசையை விளக்கும்போதும் தமிழ்ச் சொற்களை எடுத்தாளலாம்:

'இந்தத் தள்ளிசையில் மூன்றாம் பகுதி மத்திம ஆதாரத்துக்குப் போகிறது.'

'இடந்தள்ளல் வலக்கையில் மட்டும். இடக்கை தட்டை விட்டு நகரக் கூடாது.'