சர்வர் ஹேங் ஆனால் முதலில் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்

"சார், சர்வர் திரும்பவும் ஹேங் ஆயிடுச்சு, ரீஸ்டார்ட் பண்ணிட்டோம், இப்போ நல்லா இருக்கு." இந்த ஃபோன் வந்தாலே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விடும். ஹேங் ஆகி நிற்கும் அந்த இரண்டு நிமிடம்தான் என்ன கோளாறு என்று சர்வர் தானே காட்டிக்கொடுக்கும் நேரம், அதைப் பவர் பட்டன் அழித்துவிடுகிறது.

ஒரு சின்ன அலுவலகம், பத்துப் பன்னிரண்டு பேர், ஒரே ஒரு சர்வர். கணக்கு மென்பொருளும் எல்லாருடைய ஃபைல்களும் அதில்தான். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை எல்லாருடைய திரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கும், பிறகு தானாகவே ஓடும், சில நாள் ஓடாது. நான் போவதற்குள் ரேம் மாற்றி, விண்டோஸை மறுபடி போட்டு, புது நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றும் வாங்கியிருந்தார்கள். எதற்கும் பலன் இல்லை, ஏனென்றால் எல்லாமே குத்துமதிப்பு.

சர்வர் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டினேன். அடுத்த முறை நின்றால் எதையும் தொடாமல் நேரத்தை எழுதுங்கள், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பிங் செய்து பாருங்கள் (நெட்வொர்க் வழியாக 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளை), சர்வரின் கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா, டிஸ்க் விளக்கு எப்படி எரிகிறது என்று குறித்து வையுங்கள், அவ்வளவுதான். பிங்குக்குப் பதில் வராமல் கேப்ஸ் லாக்கும் மாறவில்லை என்றால் மொத்த இயந்திரமும் நின்றுவிட்டது, ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), சூடு, மதர்போர்டு என்று தேடலாம். கீபோர்டு வேலை செய்து பிங் மட்டும் போகவில்லையா, நெட்வொர்க் பக்கம் பாருங்கள். பிங்கும் வருகிறது, மவுஸும் நகர்கிறது, ஆனால் எதைத் திறந்தாலும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

மறுநாளே தாளில் மூன்று வரிகள். மூன்றிலும் பிங் வந்தது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிந்தது.

விண்டோஸ் தன்னிடம் நடந்ததையெல்லாம் எண் போட்டுக் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் அதே நேரங்களைத் தேடினால் 129, 153 என்ற எண்கள் வரிசையாக இருந்தன. 129 என்றால் டிஸ்க் குறித்த நேரத்தில் பதில் சொல்லாததால் அதை ரீசெட் செய்ய வேண்டியிருந்தது, 153 என்றால் படிக்கவோ எழுதவோ கொடுத்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் பயந்துபோயிருந்த எண் 41. அது 'கடந்த முறை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை' என்று மட்டும்தான் சொல்கிறது, பட்டனை அமுக்கி அணைத்தாலும் வரும்.

ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் அறிக்கை, 'ஓகே' என்றுதானே காட்டியது என்றார்கள். தயாரித்தவர் வைத்த எல்லையை இன்னும் தாண்டவில்லை என்பதுதான் அந்த ஓகேவுக்கு அர்த்தம். உள்ளே இருக்கும் எண்களைப் பார்க்க வேண்டும். 5 என்பது ஏற்கெனவே கெட்டு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னச் சின்னப் பகுதிகள்), 197 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்பவை. இங்கே 197 பூஜ்யமாக இல்லை, இரண்டு நாளில் ஏறவும் செய்தது. அது சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் வேறு. அந்த ரகம் கெட்ட செக்டரை விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயலும், அதுவரை பின்னால் வரும் வேலையெல்லாம் வரிசையில் நிற்கும். சர்வருக்கும் நாஸுக்கும் (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கும் பெட்டி) செய்த டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் கைவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிடும். இன்னொரு எண் 199, கேபிள் வழியாகத் தகவல் போகும்போது வந்த பிழைகள்; அது ஏறினால் முதலில் டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள், மலிவான வைத்தியம்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தப்பு, உடனே செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவி) ஓட்டுவது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் முழுதாகப் படிக்க வைத்தால் மிச்சமும் போகலாம். முதலில் பேக்கப், அதிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்தும் பார்த்துவிடுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

எல்லாக் கேஸும் டிஸ்க் இல்லைதான். தினமும் ஒரே நேரத்தில் நின்றால் ஆன்டிவைரஸ் ஸ்கேனோ பேக்கப்போ அந்த நேரத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை கூடும்போது மட்டும் என்றால் தூசியும் மின்விசிறியும். யாரும் தொடாத ராத்திரியில் நிற்கிறது என்றால் மின்சேமிப்பு அமைப்பு. ஆரம்பகால ரைசன் ப்ராசஸர் உள்ள இயந்திரங்களில் இந்தத் தொல்லை இருந்தது, பயாஸில் 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று மாற்றியதும் பலருக்குச் சரியானது. ரேம்மேல் சந்தேகம் இருந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள், ஒரு சுற்று போதாது.

இவர்களுக்கு டிஸ்க்கை மாற்றியதோடு தொல்லை நின்றது. தாளை மட்டும் அவர்கள் கிழிக்கவில்லை. போன மாதம் அதில் புது வரி ஒன்று: "11.40, கேப்ஸ் லாக் மாறுகிறது, பிங் வரவில்லை." போய்ப் பார்த்தால், அன்று தேவையில்லாமல் வாங்கிய அந்தப் புது ஸ்விட்சின் அடாப்டர் போயிருந்தது.