தாளில் ஒளிந்திருக்கும் மஞ்சள் புள்ளிகள்

சிறு நிறுவனம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: பென் டிரைவ் செருக முடியாதபடி செய்தாயிற்று, கோப்புகள் வெளி மெயிலுக்குப் போகாமலும் தடுத்தாயிற்று, ஆனால் ஊழியர் ஒருவர் ரகசிய ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனால் என்ன செய்வது?

வழக்கமான பாதுகாப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான். யாருக்கு எந்தக் கோப்பு தேவையோ அதை மட்டும் அவருக்குத் திறந்துவிட வேண்டும், யார் எப்போது எதைத் திறந்தார் என்பது தானாகப் பதிவாக வேண்டும், வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூட வேண்டும். சரி, தாளுக்கு வருவோம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கலர் லேசர் பிரிண்டர்களில் பல, நாம் கேட்காமலேயே ஒவ்வொரு பக்கத்திலும் மிகச் சிறிய மஞ்சள் புள்ளிகளை அச்சடிக்கின்றன. ஒரு புள்ளியின் அகலம் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஏன் மஞ்சள்? வெள்ளைத் தாள் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புகிறது, மஞ்சள் டோனர், அதாவது பிரிண்டரின் மைத்தூள், நீலத்தை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்புகிறது, ஆக இரண்டுக்கும் வித்தியாசம் நீலத்தில் மட்டும்தான். நம் கண்ணிலோ நீலத்தை உணரும் கூம்புச் செல்கள் மிகக் குறைவு, நுணுக்கமாகப் பார்க்க உதவும் விழித்திரையின் நட்டநடுவில் அவை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் புள்ளி கண்ணெதிரே இருந்தும் தெரிவதில்லை. இருட்டறையில் நீல எல்.இ.டி. டார்ச்சை அடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் கதையே மாறிவிடும்: தாள் நீலமாக ஒளிரும், புள்ளி நீலத்தை விழுங்குவதால் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முதல்முறை பார்த்தபோது வெகுநேரம் அந்தத் தாளை நான் கீழே வைக்கவில்லை.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஒரு வகை பிரிண்டரில் இந்தப் புள்ளிகள் என்ன சொல்கின்றன என்பதை 2005ல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க டிஜிட்டல் உரிமை அமைப்பு கண்டுபிடித்து வெளியிட்டது. மேலிருந்து கீழாக 15 பத்திகள், இடமிருந்து வலமாக 8 வரிசைகள் கொண்ட கட்டம் அது, பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். மேல் வரிசையை விட்டுவிட்டால் மீதி ஏழு வரிசைகளுக்கும் 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. ஒரு பத்தி நிமிடம், ஒன்று மணி, அப்புறம் நாள், மாதம், ஆண்டு, பிரிண்டரின் சீரியல் நம்பர். உதாரணமாக 20 நிமிடம் என்றால் 16க்கு ஒரு புள்ளி, 4க்கு ஒரு புள்ளி. இரண்டு என்பது இரட்டைப்படை, ஆனால் ஒவ்வொரு பத்தியிலும் புள்ளிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் மேல் வரிசையில் இன்னொன்று சேர்ந்து மூன்றாகிவிடும். கிடைமட்ட வரிசைகளுக்கும் இதேபோல இடது ஓரப் பத்தி காவல் நிற்கிறது. தாள் கசங்கி ஒரு புள்ளி அழிந்துபோனால் ஒரு பத்தியிலும் ஒரு வரிசையிலும் கணக்கு உதைக்கும், அவை இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் தொலைந்த புள்ளி! எத்தனை அழகான கணக்கு பாருங்கள்.

2017ல் அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் ஆவணம் ஒன்று கசிந்து, ஸ்கேன் செய்த பக்கங்களாக இணையத்தில் வெளியானபோது, அதிலிருந்த புள்ளிகளைப் படித்து அது மே 9, காலை 6.20க்கு அச்சானது என்று வெளியாட்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் புலனாய்வாளர்களின் தேடலைச் சிறு வட்டத்துக்குள் சுருக்கியது அலுவலகப் பதிவேடுதான். அந்த ஆவணத்தைப் பிரிண்ட் எடுத்தவர்கள் ஆறே பேர்.

ஊழியர்களை உண்மை கண்டறியும் கருவியில் உட்கார வைக்கலாமா என்றும் அந்த வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம். அது அளப்பது ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, வியர்வை, அவ்வளவே. பயந்த நல்லவருக்கும் இதயம் படபடக்கும். ஊழியர்களைச் சலித்தெடுக்க அதை நம்ப முடியாது என்று அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2003லேயே விரிவாகச் சொல்லியாயிற்று. இன்னும் அதை நம்புவது என் பார்வையில் மூடநம்பிக்கைதான்.

புள்ளிகள் திருட்டைத் தடுக்காது, தாள் திரும்பக் கிடைத்தால் எந்த பிரிண்டர், எந்த நேரம் என்று காட்டும். கறுப்பு வெள்ளை பிரிண்டரில் மஞ்சள் டோனரே இல்லை. அதனால் யார் எதை எப்போது அச்சடித்தார் என்ற பதிவை முதலில் போட்டு வையுங்கள், அது பதிவாகிறது என்பதை ஊழியர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் இன்று இரவே கலர் லேசர் பிரிண்டரில் ஒரு கலர் பக்கத்தை அச்சடித்து, விளக்கை அணைத்து, எழுத்தில்லாத ஓரத்தில் நீல டார்ச்சை அடித்துப் பாருங்கள்.