பாதுகாப்பு வேறு, பேணுதல் வேறு

"அரசுப் பள்ளிகளில் சமஸ்கிருத பாதுகாப்புக்கு நடவடிக்கை தேவை." இப்படி ஒரு தலைப்பை இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். முதல் முறை படித்தபோது, பள்ளி வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நிற்பதாகத்தான் மனத்தில் படம் விழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் விஷயம் வேறு. ஆசிரியர் பணியிடம் காலி, மாணவர் குறைவு, பாடம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கோரிக்கை. கோரிக்கை சரியா தவறா என்பது தனி வழக்கு. சொல் தவறு.

இந்தத் தலைப்பின் ஆங்கில மூலத்தில் இருப்பது 'பிரிசர்வ்'. லத்தீனில் 'ப்ரே' முன், 'செர்வாரே' காத்து வைத்தல். 'ப்ரொடெக்ட்' வேறு வேர்: 'தெகெரே', மூடுதல். முன்னே நின்று மறைத்துக்கொள்வது. வேர்க்கதை இவ்வளவு போதும்.

அரசமைப்புச் சட்டத்தின் 29ஆம் உறுப்பை எடுத்துப் பாருங்கள். தலைப்பில் சிறுபான்மையினர் நலன்களுக்கு 'ப்ரொடெக்ஷன்' என்று இருக்கிறது. உள்ளே, தமக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள மக்கள் அதைக் 'கன்சர்வ்' செய்துகொள்ளும் உரிமை. நலனுக்கு ஒரு வினை, மொழிக்கு வேறொரு வினை. நம்மவரிடம் கொடுத்தால் இரண்டும் பாதுகாப்பு ஆகிவிடும். காடு, புராதனச் சின்னம், நுகர்வோர், தரவு, எல்லை, இப்போது இலக்கணப் பாடம். எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு.

பாதுகாப்பு நல்ல சொல்தான், அதனோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் அது தனியாக வராது, எதிரில் ஒரு ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வரும். பாதுகாப்பு அமைச்சகம் என்றால் எதிரி நாடு, பாதுகாப்புப் பெட்டகம் என்றால் திருடன், சாலைப் பாதுகாப்பு என்றால் விபத்து. அப்படியானால் சமஸ்கிருதப் பாதுகாப்பு என்றால் யார்? தலைப்பு எழுதியவர் யோசித்திருக்க மாட்டார், வாசகர் யோசிப்பார். 1968 முதல் இருமொழிக் கொள்கை நடக்கிற மாநிலத்தில், ஆசிரியர் கேட்டவர் முற்றுகைக்கு உள்ளானவராகவும், கொள்கையை ஆதரிப்பவர் படையெடுத்து வந்தவராகவும் ஒரே சொல்லில் மாறிவிடுகிறார்கள். சண்டை வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கொள்கையின் பேரில் வரட்டும்; மொழிபெயர்ப்பாளரின் சோம்பலால் வர வேண்டாம்.

வேண்டிய சொல் பேணுதல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரிந்த சொல். "தந்தை தாய்ப் பேண்" என்கிறது ஆத்திசூடி. தந்தை தாயைப் பாதுகா என்று சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை? கதவைத் தாழிட்டு உள்ளே உட்கார வைப்பது பாதுகாப்பு. அருகில் உட்கார்ந்து பேசி, வேண்டியதைக் கேட்டுச் செய்வது பேணுதல். விரும்புதல், போற்றுதல் என்ற பொருள்கள் இந்த வினைக்குள்ளேயே இருக்கின்றன. "பெரியாரைப் பேணித் தமராக் கொளல்" என்ற குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், பேணி என்பதற்கு அவர் உவப்பன அறிந்து செய்து என்று பொருள் சொல்கிறார். ஒரு மொழி உவப்பது எது? யாராவது அதைப் படிப்பது, தப்பாகப் படிப்பது, திருத்தப்படுவது.

நான் படித்த பள்ளியில் சமஸ்கிருதம் எடுத்தவர்கள் ஐந்து பேர். மாடிப்படிக்குக் கீழே வகுப்பு. ஆசிரியர் "ராம:, ராமௌ, ராமா:" என்று தொடங்குவார். இரண்டு பேரைக் குறிக்கும் 'ராமௌ' வந்ததும் நான் தவறாமல் 'ராமோ' என்பேன். மேசையை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தி, என் வாயைச் சரி செய்த பிறகுதான் மேலே போவார். அவர் ஓய்வுபெற்றதும் பணியிடம் நிரப்பப்படவில்லை. புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் மாட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துப் போனேன். பீரோ அப்படியே இருந்தது, ஒரு புத்தகமும் காணாமல் போகவில்லை. பாதுகாப்பு என்றால் அதுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் நாடு முழுவதிலும் 24,821 பேர். மற்ற எல்லாருக்கும் அது ஒரு ஆசிரியர் வாயிலிருந்து வர வேண்டிய மொழி. 2014இல் கேந்திரிய வித்யாலயாக்களில் கல்வியாண்டின் நடுவே ஜெர்மன் மொழியை எடுத்துவிட்டு, மூன்றாம் மொழியாகச் சமஸ்கிருதத்தை வைக்க முடிவானது. உத்தரவு அட்டவணையில் ஒரு கட்டத்தைப் பாதுகாக்கும். அந்தக் கட்டத்துக்குள் மேசையைத் தட்ட ஆள் வேண்டும்.

அகராதியிலேயே பேணுதலுக்குப் பாதுகாத்தல் என்று பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, பல பொருள்களில் ஒன்றாக. அதற்காக இரண்டையும் இடம் மாற்றிப் போட முடியுமா? நட்பைப் பேணுகிறோம், உடல்நலம் பேணுகிறோம். வங்கி நகையைப் பேணுவதில்லை. இன்னும் சிலர் பராமரிப்பு என்கிறார்கள். அது லிஃப்டுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் உரியது, அங்கேயே இருக்கட்டும். இந்திச் சுற்றறிக்கையிலிருந்து 'சம்ரக்ஷணம்' என்று அப்படியே இறக்குகிறவர்களும் உண்டு. தமிழ் வாசகருக்கு அதைப் படித்ததும் கிறித்தவ இரட்சிப்பு நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பேணிக்காத்தல் என்று ஒட்டுப்போட்டால் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொள்வேன், முன்பாதி இருக்கிறதே என்பதற்காக.

இது தனித்தமிழ்ச் சண்டையும் அன்று. பாதுகாப்பு, பேணுதல் இரண்டுமே நாம் அன்றாடம் ஆளும் சொற்கள். வடமொழி என்று எழுதாமல் சமஸ்கிருதம் என்றே எழுதுகிற ஆள் நான்.

ஆகவே அந்தத் தலைப்பை இப்படி மாற்றலாம்: 'அரசுப் பள்ளிகளில் சமஸ்கிருதக் கல்வியைப் பேண ஆசிரியர் தேவை.' பழைய தலைப்பில் 'சமஸ்கிருத'வுக்கும் 'பாதுகாப்பு'க்கும் நடுவே வர வேண்டிய 'ப்' மூன்று முறையும் விட்டுப்போயிருந்தது. அதற்கும் ஆசிரியர்தான் தேவை.