கொய்னோனியா: ஐக்கியமா, நட்புறவா, பங்குறவா?

"கணக்கு கேட்டு சபை ஐக்கியத்தைக் கெடுக்காதீங்க." சபைக் கூட்டங்களில் இந்தப் பேச்சை எத்தனை தடவைதான் கேட்பது! அந்த 'ஐக்கியம்' சரியான சொல்தானா என்று பார்ப்போம்.

வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ஐக்கியம் என்று சொல்லும் முக்கியமான இடங்களில் (1 யோவான் 1:3, 2 கொரிந்தியர் 13:14) கிரேக்க மூலத்தில் இருப்பது கொய்னோனியா. கொய்னோஸ் என்றால் பொது. கொய்னோனோஸ் என்றால் பங்காளி. லூக்கா 5:10-ல் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்' என்கிற இடத்தில் இருப்பது இந்தச் சொல்தான். மீன்பாடு இல்லாத ராத்திரியின் நஷ்டமும் கூட்டாளிகளுக்குப் பொதுதானே.

ஐக்கியம் 'ஏக'த்திலிருந்து வந்தது, ஒன்றாகிவிடுதல். வடசொல் என்பதால் எனக்கு அதன்மேல் கோபமில்லை. சித்தர் இறைவனோடு ஐக்கியமானார் என்றால் அங்கே இரண்டு பேர் மிஞ்சுவதில்லை. பங்கு என்றால் பங்காளிகள் தனித்தனியே இருந்தாக வேண்டும், கேள்வி கேட்கும் வாயோடு.

சரி, அப்போஸ்தலர் 2:42-க்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பில் 'அந்நியோந்நியம்'. பிறகு கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு தமிழாக்குகிறேன் என்று 'நட்புறவு' போட்டது. கேட்க இனிமை, பொருளில் பாதிகூட இல்லை. நட்புறவுக்கு ஆராதனை முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் போதும். ஆனால் அந்த முதல் சபையில் விசுவாசிகள் நிலத்தையும் வீட்டையும் விற்றுத் தேவைப்பட்டவர்களுக்குப் பகிர்ந்தார்கள். இரண்டே வசனம் தள்ளி, 'சகலத்தையும் பொதுவாய்' வைத்திருந்தார்கள் என்று வருகிறது. அந்தப் 'பொது' கொய்னோஸின் வடிவம்தான். நட்புறவு என்று எழுதியவுடன் இரண்டு வசனங்களுக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. எபிரெயர் 13:16-ல் கொய்னோனியாவைத் 'தானதர்மம்' என்றே பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதினார்கள். காசு சம்பந்தப்பட்ட சொல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போதைய நம் ஆட்களுக்குத்தான் காசு வாடை வந்தால் ஆவிக்குரிய காரியம் கெட்டுவிடும்போல.

2 கொரிந்தியர் 8:4-ல் அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களே 'பங்கு' என்றும் எழுதிவிட்டார்கள். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கை அது. 'பெரிய தொகை'யைப் பற்றி யாரும் குற்றம் சொல்லக் கூடாதென்று பவுல் தன் உடன் ஊழியன் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். அதாவது, கணக்குக்குச் சாட்சி வைப்பதும் கொய்னோனியாவில் அடக்கம்.

எனவே என் கட்சி 'பங்குறவு'. கத்தோலிக்கர் வாயில் பங்குத்தந்தை, பங்கு மக்கள் என்று பங்கு ஏற்கெனவே புழங்குகிறது. புதுச் சொல் என்று யாரும் மிரள வேண்டியதில்லை. பங்கு என்றால் பங்காளிச் சண்டை ஞாபகம் வருமே என்பார்கள். வரட்டும். கொரிந்து சபையில் நடக்காத சண்டையா?