பி.டி. பீரியடில் நம் பிள்ளைக்கும் இடம் உண்டு: மாற்றுத்திறன் மாணவர்களின் விளையாட்டு உரிமை

என் அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பி.டி. பீரியடில் செய்த ஒரே வேலை, மற்ற பிள்ளைகளின் செருப்பையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்வதுதான். அவளுக்கு மூளை முடக்குவாதம். இடது கையும் இடது காலும் இறுகியிருக்கும்; நடப்பாள், ஓட முடியாது. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளி. மணி அடித்ததும் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. "கீழ விழுந்துட்டா நாங்கதானம்மா பதில் சொல்லணும்" என்றார் அப்போதிருந்த சார். அக்காவும் சரி என்று விட்டுவிட்டாள். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கோ-கோவில் யார் யாரைத் தொட்டார்கள், யார் எத்தனை நிமிடம் அவுட் ஆகாமல் நின்றார்கள் என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அதைக் கேட்கும்போதுதான் வலிக்கும்.

அந்த மூன்று வருடமும் சட்டம் அவள் பக்கம்தான் இருந்தது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. முன்பிருந்த 1995 சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. இது 21 வகைகளைச் சொல்கிறது: ஆட்டிசம், தசைச் சிதைவு, கற்றல் குறைபாடு, ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) எல்லாம் இதில் வரும்.

இதன் 16-ஆவது பிரிவைத்தான் பெற்றோர் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். அரசு நிதி பெறும் பள்ளியானாலும் சரி, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும் சரி, மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும்; படிப்போடு, விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும். அதே பிரிவு, வளாகமும் வசதிகளும் அந்தப் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. மெட்ரிக் பள்ளிகள் "அதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்குத்தான்" என்று சொன்னால் அது தவறு.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சான்றிதழில் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற அளவுகோல் இலவசக் கல்வி, இலவச உபகரணம் போன்ற சில சலுகைகளுக்கானது. 16-ஆவது பிரிவு 40 சதவீதத்தைக் கேட்கவில்லை. 30 சதவீதச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைக்கும் மைதானத்தில் அதே உரிமைதான்.

30-ஆவது பிரிவு முழுக்க விளையாட்டைப் பற்றியது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டில் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும், பயிற்சித் திட்டங்களை அவர்களுக்கேற்ப மாற்றியமைக்க வேண்டும், அவர்களுக்கான போட்டிகளை நடத்த வேண்டும் என்று சொல்கிறது. பதக்கம் வெல்லும் பிள்ளைக்கு மட்டும் என்று எங்கேயும் இல்லை.

இதற்கென்று தனி ஆசிரியர் உண்டா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். அமெரிக்காவில் 1975-இல் வந்த சட்டமே, சிறப்புக் கல்வி என்பதற்குள் உடற்கல்வியையும் பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டது. அதனால் அங்கே மாற்றுத்திறன் மாணவர்களின் உடற்கல்விக்கென்றே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நம் அரசுப் பள்ளிகளில் அப்படி ஒரு தனிப் பணியிடம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதுவரை நம்மிடம் இருப்பவர்கள் இரண்டு பேர்.

ஒருவர் உடற்கல்வி ஆசிரியர். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் பார்க்கலாம். சில நடுநிலைப் பள்ளிகளில் பகுதிநேர ஆசிரியர் இருப்பார். தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் வகுப்பு டீச்சரே பிள்ளைகளை விளையாட விடுவார். இன்னொருவர், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் (சமக்ர சிக்ஷா) உள்ளடக்கிய கல்விப் பிரிவில், அதாவது மாற்றுத்திறன் பிள்ளைகளை மற்றவர்களோடு சேர்த்துப் படிக்கவைக்கும் பிரிவில், வேலை செய்யும் சிறப்புப் பயிற்றுநர். இவர் வட்டார வள மையத்திலிருந்து வருவார். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று ஒன்றியத்துக்கு ஒரு வள மையம் இருக்கிறது. அங்கே இயன்முறை மருத்துவரும் உண்டு. ஆள் ஆளுக்கு "பிசியோ சார், பிசியோ மேடம்" என்பார்கள்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் "சிறப்பாசிரியர்" என்றால் ஓவியம், தையல், இசை, உடற்கல்வி சொல்லித் தருபவரையும் குறிக்கும். அதனால் தலைமையாசிரியரிடம் கேட்கும்போது "உள்ளடக்கிய கல்வியின் சிறப்புப் பயிற்றுநர் எப்போது வருவார்?" என்று தெளிவாகக் கேளுங்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்ப்பதால் தினமும் வரமாட்டார். உச்ச நீதிமன்றம் 2021-இல் தொடக்க நிலையில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்புக் கல்வி ஆசிரியர் விகிதத்தைச் சொன்னது. இன்னும் நாம் அந்த எண்ணிக்கைக்கு வந்து சேரவில்லை.

எங்கள் பிள்ளை விஷயத்தில் எல்லாம் மாறியது, இந்த இரண்டு பேரும் ஒருநாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசியபோதுதான். அவள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது புதிதாக ஓர் உடற்கல்வி ஆசிரியை வந்தார். அவர் முதல் நாளே, "உனக்கு என்னடா விளையாடப் பிடிக்கும்?" என்று அவளிடமே கேட்டிருக்கிறார். அதுவரை யாரும் கேட்டதில்லை. பிறகு சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளாகப் பார்த்து, எந்த மூட்டு எவ்வளவு மடங்கும், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். சிறப்புப் பயிற்றுநர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் ஒன்று எழுதுவார். அதில் வாசிப்பு, கணக்கோடு உடற்கல்விக்கும் இரண்டு இலக்கு எழுதச் சொல்லுங்கள். ஏட்டில் ஏறிவிட்டால், ஆசிரியர் மாறிப் போனாலும் அடுத்தவர் அங்கிருந்து தொடரலாம்.

மாற்றி விளையாடுவது என்றால்

பெரிய செலவோ கருவியோ தேவையில்லை. இடம், விதி, பொருள், கூட ஆடுபவர்கள் என்ற நான்கில் எதை மாற்றினால் இந்தப் பிள்ளை உள்ளே வரமுடியும் என்று பார்ப்பதுதான் முறை.

எறிபந்தில் எங்கள் பிள்ளைக்கு மட்டும் பந்து ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பிறகு பிடிக்கலாம் என்று விதி வைத்தார் அந்த ஆசிரியை. மற்றவர்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள். மூன்றாம் நாள் அவர்களே "அவளுக்கு ஒரு பவுன்ஸ்" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். குண்டு எறிதலை நாற்காலியில் உட்கார்ந்தபடி எறியக் கற்றுக்கொடுத்தார். பாரா போட்டிகளிலும் உட்கார்ந்து எறியும் பிரிவு இருக்கிறது.

பார்வையற்ற பிள்ளைக்குச் சத்தம் வரும் பந்து வேண்டும். உள்ளே மணி வைத்த பந்து கிடைக்காவிட்டால், பந்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டினாலே உருளும்போது சரசரக்கும். ஓடும்போது கூட ஓடும் தோழனும் அவனும் ஒரு சிறு கயிற்றின் இரு நுனியைப் பிடித்துக்கொள்ளலாம். பாராலிம்பிக்கிலும் இப்படித்தான் ஓடுகிறார்கள். கண்ணாமூச்சியில் எல்லோர் கண்ணையும் கட்டிப் பாருங்கள், யார் கெட்டிக்காரன் என்று தெரியும். காது கேளாத பிள்ளைக்கு விசிலோடு கொடியும் அசைய வேண்டும், அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு அந்த விசில் சத்தமே தாங்காது. அங்கே கொடி மட்டும் போதும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரே சொல், கூடவே செய்து காட்டுதல். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை கிளித்தட்டில் கோட்டைக் காக்கலாம், தரை மட்டும் சமமாக இருக்க வேண்டும். வெறுமனே ஸ்கோர் எழுத உட்கார வைப்பதைப் பங்கேற்பு என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். அது செருப்புக் காவலின் இன்னொரு வடிவம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும்; மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது கூடாது. தசைச் சிதைவு உள்ள பிள்ளையைக் களைத்துப்போகும்வரை பயிற்சி செய்யவிடக் கூடாது. ஹீமோஃபீலியா என்றால் கபடி போல மோதும் ஆட்டம் வேண்டாம். வலிப்பு வரும் பிள்ளை நீந்தினால் பக்கத்திலேயே ஆள் இருக்க வேண்டும். இந்த விவரங்களை மருத்துவர் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கி, உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். "விழுந்துட்டா?" என்ற அவருடைய பயத்துக்கு அந்தத் தாள்தான் மருந்து. எது கூடாது என்று தெரிந்துவிட்டால் மற்றதையெல்லாம் துணிந்து செய்வார்.

பணம்

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு விளையாட்டுப் பொருள் வாங்க ஆண்டுக்குத் தொடக்க நிலையில் 5,000 ரூபாய், நடுநிலையில் 10,000, உயர்நிலை, மேல்நிலையில் 25,000 வரை ஒதுக்க இடமிருக்கிறது. மணிப்பந்து, மென்மையான பந்து, வளையம் எல்லாம் இதற்குள் வாங்கலாம். பட்டியல் போடும்போது நாம் சொல்ல வேண்டும். அதோடு ஒரு மாற்றுத்திறன் மாணவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் என்ற கணக்கும் உண்டு. அது நம் கையில் வரும் பணம் இல்லை. உபகரணம், துணைக்கு வருபவர் படி, பயிற்சி என்று மாவட்ட அளவில் செலவாகும். மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மட்டும் தனியாக மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதம் ஊக்கத்தொகை உண்டு.

எப்படிக் கேட்பது

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். சண்டைக்குப் போவது போல வேண்டாம். "சார், பாப்பாவையும் ஆட்டத்துல சேத்துக்கங்க, டாக்டர் எழுதுனதைக் கொண்டாந்திருக்கேன்" என்று தொடங்கினால் பல இடங்களில் அங்கேயே வேலை முடிந்துவிடும். நடக்கவில்லையா, ஒரு வெள்ளைத்தாளில் தலைமையாசிரியருக்கு இப்படி எழுதுங்கள்:

"என் மகள் தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16-இன்படி அவளுக்கு விளையாட்டில் சமவாய்ப்பும் நியாயமான மாற்றங்களும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உடற்கல்வி ஆசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்து அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தில் உடற்கல்வி இலக்குகளைச் சேர்க்க வேண்டுகிறேன். மருத்துவர் குறிப்பு இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இதைப் பேசித் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அதற்கு மேல் வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், 14417 என்ற கல்வி உதவி எண், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். கடைசியாகச் சென்னையில் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் என்று 89-ஆவது பிரிவு சொல்கிறது. அதுவரை போக வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை, அதாவது யுடிஐடி, இன்னும் இல்லையென்றால் உடனே எடுத்துவிடுங்கள். இணையத்தில் விண்ணப்பித்து மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும். வட்டார வள மையம் நடத்தும் மருத்துவ முகாமுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போனால் அலைச்சல் குறையும். விவரத்துக்கு ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்கலாம். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு, அதற்கும் இந்த ஆவணங்கள் உதவும். மதுரைப் பிள்ளைகளுக்கு இது எட்டாத உயரம் இல்லை. காது கேளாதோருக்கான ஒலிம்பிக்ஸ் 2022-இல் பிரேசிலில் நடந்தபோது பேட்மிண்டனில் மூன்று தங்கம் வென்று, அர்ஜுனா விருதும் பெற்ற ஜெர்லின் அனிகா நம் மதுரைப் பெண்தான்.

எங்கள் பிள்ளை மாவட்டப் போட்டிக்கெல்லாம் போகவில்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எறிபந்து ஆடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் இப்போதும் யார் ஜெயித்தார்கள் என்று சொல்கிறாள். "நாங்க" என்கிறாள்.