ரெசிலியன்ஸ்: மனவலிமையா, மீள்திறனா?

மனச்சோர்வு பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி வரும் சொல் 'ரெசிலியன்ஸ்'. தமிழில் இதை மனவலிமை, மனஉறுதி, தாங்குதிறன், மீள்திறன் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். இவற்றில் மீள்திறனே பொருத்தம் என்பது என் கருத்து. மூளை ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

சொல்லின் வேர் லத்தீன். 'சலீரே' என்றால் குதித்தல். 'ரெசிலீரே' என்றால் துள்ளித் திரும்புதல். 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஃபிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைக் கையாண்டார். 1807-இல் ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் இதைப் பொருள்களின் வலிமை பற்றிய பேச்சுக்குக் கொண்டுவந்தார். உளவியலில் இது வேரூன்றியதில் அமெரிக்க உளவியலாளர் எம்மி வெர்னரின் ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை அவருடைய குழு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தது. வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்கள் 'ஸ்ட்ரெஸ்', 'டிப்ரஷன்' இரண்டையும் மன அழுத்தம் என்றே எழுதிவிடுகின்றன. அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் நெருக்கடியும் அதற்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினையும். மனச்சோர்வு ஒரு நோய். நோயாளி அதைச் சொல்லும்போது "நாலு நாள் லீவு போடு, சரியாயிடும்" என்று நாம் பதில் சொல்வதற்கு இந்தச் சொற்குழப்பமும் ஒரு காரணம். ஒரே மாதிரி அழுத்தத்தைச் சந்தித்தும் ஒருவர் சோர்வில் விழுகிறார், இன்னொருவர் விழுவதில்லை. இந்த வேறுபாட்டைத்தான் ரெசிலியன்ஸ் என்ற சொல் குறிக்கிறது.

அந்த வேறுபாடு மூளையில் எங்கே இருக்கிறது? அமெரிக்க மூளை ஆய்வாளர் எரிக் நெஸ்ட்லரின் ஆய்வுக்குழு 2007-இல் வெளியிட்ட சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு சுண்டெலியைத் தினமும் சில நிமிடங்கள், தன்னைவிடப் பெரிய, முரட்டு எலியின் கூண்டில் விடுகிறார்கள். அடி வாங்கியபின் நடுவே துளையிட்ட தடுப்பை வைத்துவிடுகிறார்கள். மீதி நாள் முழுக்க எதிரியின் வாசனையும் உருவமும் பக்கத்திலேயே இருக்கும். மறுநாள் வேறொரு முரடன். இப்படி 10 நாள். அப்புறம் சோதித்தால், பெரும்பாலான எலிகள் மற்ற எலிகளைக் கண்டாலே மூலையில் ஒடுங்குகின்றன; இனிப்பு நீரிலும் நாட்டம் குறைகிறது. ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒன்று வழக்கம்போலப் பழகுகிறது. இத்தனைக்கும் எல்லாம் மரபணுவில் ஒரே வகை எலிகள்.

ஒடுங்கிய எலிகளின் நடுமூளையில், டோபமைன் என்ற வேதிப்பொருள் மூலம் செய்தி கடத்தும் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடித்தன. மீண்ட எலிகளில் துடிப்பு இயல்பாக இருந்தது. அப்படியானால் அவற்றின் மூளையை அழுத்தம் தொடவே இல்லையா? தொட்டது. மீண்ட எலிகளில்தான் அதிக மரபணுக்களின் செயல்பாடு மாறியிருந்தது. நரம்பணுவைச் சாந்தப்படுத்தும் பொட்டாசியம் வழிகளும் (அணுவின் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் கடக்கும் வாயில்கள்) கூடியிருந்தன. 2014-இல் வந்த தொடர் ஆய்வு இன்னும் வியப்பானது. நரம்பணுவைத் தூண்டும் ஒரு மின்னோட்டம் மீண்ட எலிகளில் இன்னும் அதிகம்; அந்த மிகையே எதிர்வினையாகப் பொட்டாசியம் ஓட்டத்தை எழுப்பிச் சமன் செய்திருந்தது. ஆக, இதைச் சொரணையில்லாத கல்மனம் என்று எண்ணிவிடக் கூடாது. மூளை மும்முரமாக வேலை செய்து அடைந்த நிலை இது.

மருந்தின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. இன்ப உணர்வோடு தொடர்புடைய நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் என்ற பகுதியில் டெல்டா ஃபாஸ்-பி என்ற புரதம் கூடினால் எலிகள் அழுத்தத்திலிருந்து மீள்கின்றன என்று 2010-இல் இதே குழு காட்டியது. ஃப்ளூவாக்சடின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோதும் அதே புரதம் அங்கே சேர்ந்தது. அதன் வேலையைத் தடுத்தால் மருந்தின் பலனும் தடைபட்டது. மனச்சோர்வோடு வாழ்ந்து இறந்தவர்களின் மூளையில் அந்தப் பகுதியில் இப்புரதம் குறைவாக இருந்ததையும் கண்டார்கள். எளிதில் சிதையாமல் சிறிது சிறிதாகச் சேரும் புரதம் இது. மருந்து பலன்தர வாரக்கணக்கில் ஆவதற்கு இப்படிப்பட்ட மெதுவான மாற்றங்கள் ஒரு காரணமாக இருக்கக்கூடும். இது முழு விளக்கம் ஆகிவிடாது. மயக்க மருந்தாகவும் பயன்படும் கெட்டமைன் மனச்சோர்வில் சில மணி நேரத்திலேயே பலன் காட்டுகிறது. அதற்கு வேறு பாதைகளும் உண்டு.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். மனவலிமை, மனஉறுதி என்றால் சோர்வில் விழுந்தவர் வலிமை இல்லாதவர் என்றாகிவிடும். இந்தப் பழியை ஏற்கெனவே சுமப்பவர்மேல் இன்னொரு முறை ஏற்றுவது எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. தாங்குதிறன் பாலத்துக்கும் தூணுக்கும் பொருந்தும். அதில் அசைவே இல்லை. 'மீள்' என்ற வினையில் அசைவு இருக்கிறது. மீட்சி, மீட்பு இரண்டும் இதன் வழி வந்தவை: தானே மீள்வது மீட்சி, பிறர் கைகொடுத்து மீட்பது மீட்பு. மருந்தும் சிகிச்சையும் உறவுகளின் துணையும் சேரும்போது இரண்டுமே தேவைப்படுகின்றன.

ஒரு குறையும் உண்டு. மீள்தல் என்றால் பழைய இடத்துக்கே திரும்புவது என்று தோன்றும். மீண்ட எலியின் மூளையோ புதியதொரு சமநிலையில் நிற்கிறது. அந்தக் குறையோடும் மீள்திறனையே எழுதலாம். பெயரடையாக வரும்போது 'மீள்திறனுள்ள' என்றும், அதற்கு எதிர்ப்பக்கத்தை 'எளிதில் பாதிப்புறும்' என்றும் எழுதலாம். 'பலவீனமான' என்பது வேண்டாம்.